இலுப்பையின் இடம்

"இவங்கல்லாம் நிஜமா டீச்சர்?"

பனிமலர் இதைக் கேட்டபோது எஸ்தர், ஜன்னலில் ஏறி உட்கார்ந்திருந்த மயிலைக் குச்சியால் விரட்டிக்கொண்டிருந்தாள். சுரங்க நகரியத்தில் இப்போது மனிதர்களைவிட மயில்கள் அதிகம். காலியான குவார்ட்டர்ஸ் மாடிகளில் அவைதான் குடியிருந்தன. பள்ளிக்கூடத்துக்கும் தவறாமல் வந்தன. வருகைப் பதிவில் சேர்த்துக்கொண்டால் பள்ளிக்கு இன்னும் இரண்டு வாத்தியார் கிடைப்பார்கள் என்று எஸ்தர் சில சமயம் நினைத்துக்கொள்வாள்.

"யாரச் சொல்லுத?" எஸ்தருக்குத் திருநெல்வேலிப் பேச்சு இன்னும் போகவில்லை.

"எங்க குழு. வேம்பு, புங்கன், அத்தி, மருதம்."

எஸ்தர் குச்சியை மூலையில் சாத்தினாள். இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தார்கள்.

"ஏன் கேக்க? உனக்கு என்ன தோணுது?" என்றாள்.

"காய்ச்சல்ல படுத்திருந்தேன்ல? திரும்பி வந்தா ஒருத்தர்கூட ஏன் வரலன்னு கேக்கல. நேத்தும் முந்தாநாளும் நான் இங்கயே இருந்த மாதிரி பேசுறாங்க. நானே சொன்னேன், எனக்குக் காய்ச்சல்னு. மூணு பேர் 'ஐயோ, இப்ப எப்படி இருக்கு'ன்னாங்க. மருதம் மட்டும் 'புளுகாத'ன்னு போட்டான்."

"அவன் மறுப்பாளர்லா? எதையும் நம்பாம இருக்கதுதான அவன் வேலை."

"காய்ச்சலுக்குக்கூடவா டீச்சர் ஆதாரம் கேப்பாங்க?"

எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. பனிமலருக்கு வரவில்லை.

கடைசி அனல்மின் அலகை அணைத்த வருஷம் நகரியம் காலியாகத் தொடங்கியது. கரி வெட்டுவது நின்றது. சுரங்கத்தின் அடியில் ஊறும் தண்ணீர் நிற்கவில்லை. அதை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் கரைகள் சரியும் என்றார்கள். அதனால் சில பம்ப் ஆபரேட்டர்கள் மட்டும் தங்கினார்கள். அவர்களில் புகழேந்தி ஒருவர்தான் பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டவர். மனைவிக்குப் பாண்டிச்சேரியில் நர்ஸ் வேலை; ஞாயிற்றுக்கிழமை வந்து போவார். ஒரு பிள்ளை இருக்கும்வரை பள்ளியை மூடக் கூடாது என்பது சட்டம். அந்த ஒரு பிள்ளை பனிமலர், ஒன்பதாம் வகுப்பு. அவளுக்காக ஓர் ஆசிரியை, எஸ்தர். மீதி அறைகளில் பெஞ்சுகள் அடுக்கிக் கிடந்தன.

பாடம் நடத்தும் முறை மாறிப் பல வருஷம் ஆகியிருந்தது. வாத்தியார் இப்போது பாடம் சொல்வதில்லை, கேள்வி கொடுப்பார். பிள்ளைகள் ஐந்து பேர் ஒரு குழுவாக இணையத்தில் தேடி விடையைத் தாங்களே கட்ட வேண்டும். திட்டத்தின் பெயர் 'ஐவர்'. ஒருவர் பழைய செய்திகளைத் துழாவுவார். ஒருவர் வரைபடம், கணக்கு. ஒருவர் விஷயம் தெரிந்தவர்களைப் பேட்டி எடுப்பார். இன்னொருவர் மறுப்பாளர். மற்றவர்கள் கொண்டுவரும் எதையும் நம்பாமல், 'இதைச் சொன்னது யார், அவருக்கு எப்படித் தெரியும்' என்று குடைவது அவர் பொறுப்பு. ஐந்தாவது ஆள் எல்லாவற்றையும் தொகுப்பார்.

ஐந்து பேர் இல்லாத பள்ளி என்ன செய்யும்? அங்கேதான் திட்டக்காரர்கள் கெட்டிக்காரர்கள். இல்லாத பிள்ளைகளை உண்டாக்கிவிட்டார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்காகக் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. முகம், குரல் கிடையாது. ஊர் பெயர் எழுதினால் எந்திரம் அழித்துவிடும். ஒரு மரத்தின் பெயர், அதன் சின்னப் படம், அதற்குக் கீழே எழுத்து. அவ்வளவுதான். பனிமலருக்குக் கிடைத்த பெயர் இலுப்பை.

பயிற்சியில் எஸ்தரிடம் சொன்னது இதுதான்: 'ஒற்றை மாணவர் பள்ளியில் மற்ற நான்கு பேரும் நம்முடைய துணை மாணவர்கள். எந்திரம். எழுத்துப் பிழைகூட அளவாகப் போடும். பிள்ளையிடம் சொல்லாதீர்கள். கேட்டால் விடை தர வேண்டாம், கேள்வியைத் திருப்பிக் கொடுங்கள்.'

திருப்பிக் கொடுத்தாயிற்று. பனிமலர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு என்ன தோணுதுன்னா, தெரியலன்னு தோணுது."

"அப்ப தெரியாதத எப்படித் தெரிஞ்சுக்கலாம்?"

"தேடணும்."

"தேடு," என்றாள் எஸ்தர். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

* * *

பனிமலருக்கு ஏன் இது இவ்வளவு முக்கியம் என்பது எஸ்தருக்குத் தெரியும்.

இந்தப் பருவத்தின் பெரிய கேள்வியைப் பனிமலரே தேர்ந்தெடுத்திருந்தாள். சுரங்கத்தில் தண்ணீர் இறைப்பதை நிறுத்தினால் நகரியம் என்ன ஆகும்? வேம்பு பழைய செய்திகளைக் கொண்டுவந்து குவித்தது. புங்கன் வரைபடம் போட்டது. நடுவே ஜோக்கும் அடித்தது. அத்தி எல்லோரையும் பாராட்டியது. இலுப்பை ஓர் இணையப் பக்கத்தைப் பார்த்து, தண்ணீர் ஊறும் வேகத்தைத் தொகுப்பில் எழுதினாள்.

மருதம் கேட்டது: "யார் சொன்னது?"

"அந்தப் பக்கத்துல போட்டிருக்கு."

"பக்கத்துக்கு எப்படித் தெரியும்? அது போய் அளந்துச்சா?"

பனிமலருக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் அப்பாவின் பம்ப் ஹவுஸுக்குப் போனாள். அங்கே தண்ணீர் மட்டம் பார்க்கும் குழாயில் அவளே மணிக்கு ஒருமுறை கயிறு விட்டு அளந்தாள். இணையப் பக்கம் சொன்னதற்கும் அவள் அளந்ததற்கும் சம்பந்தமே இல்லை. மறுநாள் அதை எழுதியபோது மருதத்திடமிருந்து வந்தது ஒரே வரி:

"இதை நம்புறேன்."

அந்த ஒரு வரியைப் பனிமலர் எஸ்தரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அத்தி கொடுத்த பாராட்டுகளில் ஒன்றையும் அவள் அப்படிக் காட்டியதில்லை.

"மருதம் ஆம்பளப் பிள்ளைன்னு எப்படித் தெரியும்?" என்று எஸ்தர் ஒருமுறை கேட்டாள்.

"தெரியாது. அவன்னு வச்சிருக்கேன். அப்படி வச்சாதான் சண்ட போட வசதியா இருக்கு."

பரீட்சை முடிந்ததும் எல்லோரும் சுரங்கத்துத் தண்ணீரைப் பார்க்க வர வேண்டும் என்று பனிமலர் குழுவில் எழுதினாள். வேம்புவுக்கு அக்கா கல்யாணம் இருந்தது. புங்கனுக்குக் கால் சுளுக்கு. அத்தி அவசியம் வருவதாகவும், ஆனால் வீட்டில் கேட்க வேண்டும் என்றும் சொன்னது. மருதம், "வர முடியாது. தூரம்," என்றது.

அதற்கு அடுத்த வாரம்தான் காய்ச்சல்.

* * *

பனிமலர் முறைப்படி தேடினாள். ஐவர் திட்டம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தானே.

முதலில் நான்கு பேருக்கும் ஒரே வாக்கியத்தைத் தனித்தனியாக அனுப்பினாள்: 'நீ செஞ்சது எல்லாம் குப்பை.' மூன்று பேரிடமிருந்து ஏறக்குறைய ஒரே பதில். இன்றைக்கு உனக்கு மனசு சரியில்லையா, எது பிடிக்கவில்லை என்று சொன்னால் சேர்ந்து திருத்தலாம். மருதம் மட்டும், "சரி," என்று அனுப்பியது.

பிறகு நேராகவே கேட்டாள்: 'நீ மனுஷப் பிறவியா, மிஷினா?'

மறுநாள் வகுப்பில் எஸ்தருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"முடிச்சிட்டேன் டீச்சர்."

"சொல்லு."

"வேம்பு, புங்கன், அத்தி மூணு பேரும் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. 'ஏன் அப்படிக் கேக்குற, உனக்கு என்ன தோணுது'ன்னாங்க. உங்கள மாதிரியே."

எஸ்தர் வருகைப் பதிவேட்டை மூடி வைத்தாள்.

"நீங்க அப்படிச் சொல்றது, உங்களுக்கு விடை தெரிஞ்சும் சொல்லக் கூடாதுங்கறப்பதான். அவங்களுக்கும் அப்படித்தான் ஏதோ கட்டு இருக்குது. மனுஷன்னு பொய் சொல்லக் கூடாதுன்னு. அதனால மூணும் மிஷின்."

"மருதம்?"

பனிமலர் சட்டையின் பொத்தானைத் திருகினாள். "அவன் மட்டும் விடை சொன்னான். 'மிஷின்தான். போதுமா?'ன்னு."

வெளியே மயில் ஒன்று கத்தியது.

"நான் அவன்தான் நிஜம்னு நெனச்சிருந்தேன் டீச்சர். மத்தவங்க மிஷினா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு." குரல் உடையவில்லை; அதுதான் எஸ்தருக்குக் கஷ்டமாக இருந்தது. "ஆனா நான் நெனச்சது ஆதாரமில்ல. அவன் வாயால சொன்னது ஆதாரம். நான் சொன்னது சரியா?"

மூன்றாவது முறையும் கேள்வியைத் திருப்பிக் கொடுக்க எஸ்தரால் முடியவில்லை. இவ்வளவு நேர்மையாகத் தேடிவந்த பிள்ளையிடம் இன்னுமா நாடகம்? விதியைக் கொண்டுபோய் உடைப்பில் போடு என்று நினைத்துக்கொண்டாள்.

"சரிதான் பிள்ள," என்றாள். "நாலும் எந்திரம்தான். எனக்கு முன்னாலயே தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ இந்தக் குழுவுக்கு வந்த நாள்ல இருந்து."

பனிமலர் தலையசைத்தாள். எழுந்து தன் இடத்துக்குப் போய்த் திரையில் எழுதினாள். எஸ்தர் பின்னால் நின்று படித்தாள். 'இனிமே யாரும் என்கிட்ட சும்மா பேச வேணாம். வேலைய மட்டும் போடுங்க.'

மூன்று மரங்களும் அவள் விருப்பத்தை மதிப்பதாக அழகாகச் சொல்லின.

"சரி," என்றது மருதம்.

* * *

அதற்குப் பிறகு பனிமலர் படித்த படிப்பைப் பார்த்து மாவட்டமே மெச்சியது. ஐந்து பேர் வேலையை அவள் ஒருத்தியே செய்தாள். துணை மாணவர்களைக் கால்குலேட்டர் போல உபயோகித்தாள். தட்டினாள், விடை வந்தது, எடுத்துக்கொண்டாள். மருதம் மறுத்தால் பதில் சொல்வதில்லை. பிழையைத் திருத்திவிட்டு அடுத்ததற்குப் போனாள். நாளடைவில் மருதமும் மறுப்பதைக் குறைத்துக்கொண்டது.

மத்தியானச் சோற்றை எஸ்தரும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் மருதம் சொன்னதும் அவள் திருப்பிச் சொன்னதுமாகப் பேச்சு ஓடும். இப்போது டிபன் பாக்ஸ் மூடும் சத்தம்தான் கேட்டது.

ஒருநாள் புகழேந்தி ஷிப்ட் முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்தார். கை முழுக்க கிரீஸ். வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், வீட்ல பொண்ணு பேசவே மாட்டேங்குது. பம்ப் சத்தத்துல எனக்குக் காதுதான் போயிடுச்சோன்னு நெனச்சேன். சம்சாரத்துகிட்ட போன்ல கேட்டா, அவங்ககிட்டயும் பேசலியாம். அப்ப என் காது நல்லாத்தான் இருக்குது."

எஸ்தர் நடந்ததைச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"உண்மையத்தானங்க சொன்னீங்க. தப்பில்லியே."

"தப்பில்ல."

"அப்பறம் ஏன் உங்க மூஞ்சியும் அதும்மாதிரியே இருக்குது?"

எஸ்தரும் சாயங்காலமானால் காலியான தெருவில் ஒற்றை விளக்கெரியும் வீட்டுக்குத்தான் போகிறாள். பனிமலர் மருதத்தோடு போட்ட சண்டைகளைக் கேட்டுக்கொண்டிருந்தது தனக்கும் ஒரு துணையாக இருந்திருக்கிறது என்பது, அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

"ஆஸ்டல்ல போடலாம்னா அது போவ மாட்டேங்குது," என்றார் புகழேந்தி. "நீ ஒண்டியா இருப்பன்னுது. இங்க மட்டும் என்னா ஜேஜேன்னா இருக்குது?"

* * *

திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் தணிகாசலம் பருவத்துக்கு ஒருமுறை வருவார். சொந்த பிளாஸ்க்கில் டீ கொண்டுவருவார். வழியில் டீக்கடை எதுவும் மிஞ்சவில்லை. கலகலப்பான மனிதர். நுழையும்போதே கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"எங்க நம்ம இலுப்பை? வாம்மா, கையக் குடு. ஒண்டியாளா அஞ்சு பேர் வேலையத் தூக்கி நிறுத்தியிருக்க. மேலிடத்துல உன் பேச்சுதான்."

பனிமலர் கையைக் கொடுத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். தணிகாசலம் மேஜைமேல் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றிக்கொண்டார்.

"அந்தப் பையன் கதைதான் இப்படி ஆயிடுச்சி. நல்லா வந்துக்கினு இருந்தான்."

"எந்தப் பையன் சார்?" என்றாள் எஸ்தர்.

"அதான், மருதம்."

பனிமலரின் விரல்கள் தட்டுவதை நிறுத்தின.

"மருதம் எந்திரம்லா?" என்றாள் எஸ்தர்.

தணிகாசலம் ஒரு வாய் டீயை விழுங்கினார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்ட முகம் ஒரு கணம்தான் இருந்தது. பிறகு, எப்படியும் முடிந்துபோன விஷயம்தானே என்பது போலச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அஞ்சுல மூணுதாம்மா எந்திரம். உங்க பள்ளி மாதிரியே அந்தப் பையனோடதும் ஒத்தப் பிள்ளைப் பள்ளி. ரெண்டு ஒத்தையைச் சேத்து ஒரு குழு. போன வருஷத்துலேர்ந்து இப்படித்தான் பண்றோம்."

"பயிற்சியில நாலும் எந்திரம்னு சொன்னீங்களே."

"ரெண்டு பக்கமும் அப்படித்தான் சொல்றது. மொதல்ல உண்மையத்தான் சொல்லிப் பாத்தோம். வாத்தியாருங்க பிள்ளைங்ககிட்ட சொல்லிடறாங்க. பிள்ளைங்க நிஜப் பிள்ளை யாருன்னு கண்டுபிடிச்சி அதுங்கூடவே அரட்டை. மத்த மூணும் சும்மா கெடக்குது, வேல நடக்கல. அதான்."

"பொய் சொல்லியிருக்கீங்க."

"பொய்யின்னு ஏம்மா சொல்ற? ஒரு ஏற்பாடு. நீங்களும் பிள்ளைகிட்ட சொல்லாம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அந்தப் பக்கத்து வாத்தியாரும் இப்படித்தான் மனசு கேக்காம சொல்லிட்டாரு. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி."

'சொன்னது யார், அவருக்கு எப்படித் தெரியும்' என்று தினமும் பிள்ளையைக் கேட்க வைத்தவள் எஸ்தர். பயிற்சியில் மைக் பிடித்தவர் சொன்னதை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அரிசி, உப்பு போல வாங்கிக்கொண்டுவந்து, பசித்த பிள்ளைக்கு உண்மை என்று பரிமாறியிருக்கிறாள்.

பனிமலர் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எஸ்தர் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

'மருதம், நான் இலுப்பை. நான் மிஷின் இல்ல. நான் மனுஷிதான். நீயும் அப்படித்தான்னு இப்பதான் தெரிஞ்சுது. நான் தப்பா முடிவு பண்ணிட்டேன். ஏதாவது சொல்லு. திட்டுனாலும் பரவால்ல.'

அனுப்பினாள். மருத மரத்தின் படம் ஒருமுறை மின்னியது. பதில் உடனே வந்தது.

'வணக்கம் இலுப்பை! இவ்வளவு மனம் திறந்து எழுதினதுக்கு ரொம்ப நன்றி. தப்பா முடிவு பண்றதும் தேடலில் ஒரு பகுதிதான். நீ இப்ப எப்படி உணர்றன்னு இன்னும் கொஞ்சம் சொல்றியா?'

பனிமலர் அதை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"இது அவன் இல்ல டீச்சர்," என்றாள்.

தணிகாசலம் பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார். "அதத்தாம்மா சொல்ல வந்தேன். போன வாரமே பையன் நின்னுட்டான். படிப்பு வேணாம்னு அப்பாகூட வேலைக்குப் போறானாம். அந்தப் பள்ளியையும் பூட்டியாச்சு."

"எந்த ஊர் சார்?"

"அது சொல்லக் கூடாதும்மா. பிள்ளைங்க பாதுகாப்பு."

"பேரு?"

"அதுவுந்தான்."

"அவன் நின்னுட்டான்னா இது யாரு?"

"இடத்த சும்மா விட முடியுமா? ஒருத்தர் இல்லன்னா குழு நின்னுபோயிடும். அதனால எந்திரம் அந்த இடத்துல உக்காந்துக்கும். யாரும் ஒரு நாள் வரலன்னாலும் அப்படித்தான்."

பனிமலர் நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினாள். எஸ்தருக்கு அவள் என்ன கேட்கப் போகிறாள் என்பது முன்னதாகவே புரிந்துவிட்டது. தடுக்கத் தோன்றியது. தடுக்கவில்லை.

"நான் காய்ச்சல்ல படுத்திருந்தேனே சார்."

"ஆங்?"

"அப்ப என் இடத்துல யாரு உக்காந்திருந்தா?"

தணிகாசலம் டீ மூடியை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அதான் யாரும் ஏன் வரலன்னு கேக்கல," என்றாள் பனிமலர். "அதான் புளுகாதன்னு சொன்னான். அவன் என்கூட தெனமும் பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்கான். என்ன பேசினான் சார்?"

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப?"

"நீங்க பாக்கலாம்ல? உங்ககிட்ட இருக்கும்ல?"

"வேணாம்மா."

"படிங்க சார்," என்றாள் எஸ்தர். "அது அவளுக்கு வந்த பேச்சு. அவளுக்குச் சேரணும்."

தணிகாசலம் டீ மூடியைக் கீழே வைத்தார். கையடக்கத் திரையை எடுத்துத் தேடினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவருடைய கலகலப்பான குரலுக்கு அந்த வரிகள் பொருந்தவே இல்லை.

"மருதம் எழுதியிருக்கான். 'இலுப்பை, ஒண்ணு கேக்கணும். இங்க என் வகுப்புல நான் மட்டும்தான். எங்க சார் நீங்க நாலு பேரும் மிஷின்னு சொல்லிட்டாரு. மத்த மூணும் மிஷின்தான், எனக்கே தெரியும். நீ அப்படி இல்லன்னு தோணுது. கயிறு விட்டு அளந்துட்டு வந்தியே, மிஷின் அப்படிப் போகாது. நீ நிஜமா?'"

அவர் நிறுத்தினார்.

"நான் என்ன சொன்னேன்?" என்றாள் பனிமலர்.

"'ஏன் அப்படிக் கேக்குற? உனக்கு என்ன தோணுது?'"

"அப்பறம்?"

"மறுநாள் மறுபடியும் கேட்டிருக்கான். 'சுத்தி வளைக்காத. ஆமா, இல்ல. ஒரே வார்த்தை போதும்.'"

"அதுக்கு?"

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றினார். "'நல்ல கேள்வி மருதம். இதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்னு சேர்ந்து யோசிப்போமா?'"

பனிமலர் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைகள் அதை எழுதவில்லை என்பதை உறுதி செய்துகொள்வது போல. பிறகு எழுந்தாள். நாற்காலியை மேஜைக்குள் ஒழுங்காகத் தள்ளிவிட்டு வெளியே போனாள்.

"பிள்ள," என்று கூப்பிட்டபடி எஸ்தர் அவள் பின்னால் நடந்தாள். வராந்தாவில் இரண்டு ஜோடிச் செருப்புகளின் சத்தம் தேய்ந்து, படி இறங்கி, வெயிலில் கரைந்தது.

தணிகாசலம் மீதி டீயைக் குடித்து முடித்தார். பிளாஸ்க்கைத் திருகி மூடினார். அப்போது வகுப்பறைத் திரையில் மணி ஒலித்தது. புதிய தேடல் தொடங்கும் நேரம். 'உங்கள் ஊரில் பெய்யும் மழை எங்கே போகிறது?' என்று கேள்வி ஒளிர்ந்தது.

வேம்பு வந்தது. புங்கன் ஒரு ஜோக்கோடு வந்தது. அத்தி எல்லோருக்கும் வணக்கம் சொன்னது. மருதம், இன்றைக்கு மிகவும் ஆர்வமாக இருப்பதாக எழுதியது.

இலுப்பையின் படம் மட்டும் சற்று நேரம் மங்கலாகவே இருந்தது. பிறகு அதுவும் பளிச்சென்று ஆனது.

'வந்துட்டேன்,' என்றது இலுப்பை. 'எல்லாரும் இருக்கீங்கல்ல? ஆரம்பிக்கலாமா?'

மற்ற நால்வரும் உற்சாகமாகச் சம்மதித்தார்கள்.